முயல் சொல்லாததை நான் சொன்னேன்

என்னுடைய முயல் ரத்தம் இறால் கம்பெனியின் குளிரறையில் இருந்தது. இப்படிச் சொன்னால் யாரும் சிரிப்பார்கள். அந்தக் காலத்தில் நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்வேன்.

எழுபதுகளின் பின்பாதி. தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயியல் மருத்துவராக இருந்தேன். அறுவை மேசையில் எடுத்த கட்டி என்னிடம் வரும். அதை மெழுகில் புதைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து இது இன்னது என்று எழுதிக் கொடுப்பேன். நோயாளிகளுக்கு என் முகம் தெரியாது. எனக்கும் அவர்களுடைய முகம் தெரியாது. அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

எங்களுடைய வழக்கமான சாயங்கள் இரண்டு. ஒன்று செல்லின் கருவை நீலமாக்கும், மற்றது மீதியை ரோஜா நிறமாக்கும். பெரும்பாலான கட்டிகளுக்கு இதுவே போதும். சில கட்டிகள் மட்டும் இந்த இரண்டு சாயத்தில் ஒன்றைப்போல ஒன்று தெரியும். கழுத்தில் தைராய்டு சுரப்பியில் சின்னச் சின்ன உருண்டை செல்கள் மட்டுமே நெருக்கியடித்து நிற்கிற ஒரு கட்டி வந்தால், அது இரண்டில் ஒன்று. தைராய்டிலிருந்தே பிறந்து தறிகெட்டுப்போன புற்று என்றால், அந்த நாளில் எங்களால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. சில மாதங்களில் மூச்சுக்குழாயை நெரித்துவிடும். லிம்போமா என்றால், அதாவது ரத்த வெள்ளணுக்களின் வம்சத்தில் வந்த புற்று என்றால், கதை வேறு. கதிர்வீச்சு கொடுத்தால், உப்பளத்துக் குவியல் மழையில் கரைவதுபோல அந்தக் கட்டி கரையும். திரும்பி வராமலே போனவர்களும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உலகமெங்கும் என்னைப் போன்றவர்கள் அந்த நீல உருண்டைகளைப் பார்த்து, அனுபவத்தின் பேரால், ஊகித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒரு வருடம் இங்கிலாந்தில் மேற்படிப்புக்காக இருந்தபோது இந்த ஊகத்துக்கு ஒரு மாற்று வந்திருப்பதைக் கண்டேன். மனித உடம்பின் ஏதாவது ஒரு பொருளை முயலுக்கு ஊசி போட்டால், அந்தப் பொருளை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் முயலின் ரத்தத்தில் உண்டாகும். அந்த ரத்தத்தின் தெளிநீரில் ஒரு சொட்டை ஸ்லைடின் மேல் விட்டால், தேடிய பொருள் எந்தச் செல்லில் இருக்கிறதோ அங்கே மட்டும் ஒட்டும். பிறகு ஒரு கிழங்கிலிருந்து எடுத்த நொதியை அதன்மேல் ஏற்றி, கடைசியில் சாயம் விட்டால் ஒட்டிய இடம் பழுப்பாகும். ஒட்டாத இடம் நீலமாகவே நிற்கும். வெள்ளணு வம்சத்துச் செல்கள் செய்யும் புரதத்தில் இரண்டு வகை. நல்ல செல்களின் கூட்டத்தில் இரண்டும் கலந்திருக்கும். லிம்போமாவில், எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள் என்பதால், ஒரே வகை மட்டும் பழுக்கும், அதாவது பழுப்பாகும். தைராய்டுப் புற்றில் இரண்டுமே பழுக்காது. முதல் தடவை ஸ்லைடில் அந்தப் பழுப்பைப் பார்த்தது இப்போதும் நினைவிருக்கிறது. ஊகம் போய் விடை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

நான் ஊருக்குத் திரும்பிய பிறகு, இங்கிலாந்தில் என்னோடு வேலை செய்த நண்பர் தம்மிடம் மிஞ்சிய முயல் தெளிநீரையும் நொதியையும் சின்னக் குப்பிகளில் அடைத்து, தெர்மாஸ் குடுவையில் பனிக்கட்டியோடு, நம் பக்கம் வரும் கப்பல் அதிகாரி ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார். சொட்டுக் கணக்கில்தான் இருந்தது. அதை உறைநிலையில் வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே குளிர்ப்பெட்டி பாதி நாள் வெறும் பெட்டியாகத்தான் இருக்கும். துறைமுகப் பக்கம் இறாலை உறையவைத்து ஜப்பானுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்று இருந்தது. அதன் மேனேஜர் எனக்குப் பழக்கம். சாத்தான்குளம் பக்கத்துக்காரர், பெரிய மீசை, அதைவிடப் பெரிய வாய்.

"டப்பால என்னது டாக்டர், பாம்பு விஷமா?"

"முயல் ரத்தம், அண்ணாச்சி."

"முயலா! எறாலு பெட்டியோட மாறி ஜப்பானுக்குப் போயிட்டுன்னா?"

"போனா அவன் என்ன செய்வான்?"

"ருசியா இருந்துட்டுன்னா அடுத்த கப்பலுக்கு முயலுதான் கேப்பான். நான் எங்க போவேன்? தேரிக்காட்டுல வலையோட அலையணும்."

சிரித்துக்கொண்டே டப்பாவை வாங்கி, இறால் பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால் ஒரு மூலையில் வைத்துக்கொண்டார். வாடகை எதுவும் கேட்கவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரி அறுவை மருத்துவர் என்னோடு கல்லூரியில் படித்தவர். யாரையும் மதித்துப் பேசத் தெரியாத நல்ல மனிதர். நான் மருத்துவர் சங்கத்தில் இந்தச் சோதனையைப் பற்றிப் படம் காட்டிப் பேசிய நாளிலிருந்து, சந்தேகமான கட்டி எதை அனுப்பினாலும், சாயங்காலம் என் அறைக்கு வந்து எட்டிப் பார்த்து, "என்னவே, உம்ம முயல் என்ன சொல்லுது?" என்பார். மதுரைக்குத் தெற்கே இந்த வேலையை நான் ஒருவன்தான் செய்கிறேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். அது உண்மையா என்று விசாரித்ததில்லை. விசாரிக்க விருப்பமும் இல்லை.

இந்தச் சோதனைக்கு ஒரு விதி உண்டு. நோயாளியின் ஸ்லைடோடு, நிச்சயம் பழுக்கும் என்று தெரிந்த வேறொரு ஸ்லைடையும் சேர்த்துப் போட வேண்டும். வெள்ளணுக்கள் நிறைந்த டான்சில் சதை அதற்கு நல்லது. அதைத்தான் கன்ட்ரோல் என்போம். அது பழுத்தால் மருந்து, அதாவது அந்தத் தெளிநீர், உயிரோடு இருக்கிறது, நோயாளியின் ஸ்லைடு சொல்வதை நம்பலாம். அது பழுக்கவில்லையென்றால் மருந்து செத்துவிட்டது, நோயாளியின் ஸ்லைடு எதையும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் முதல் நாளே இதைத்தான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் நோயாளிக்கு ஆகிற அதே அளவு மருந்து செலவாகும். குப்பிகள் காலியாகிக்கொண்டே வந்தன. முதலில் ஒவ்வொரு தடவையும் போட்டேன். பிறகு ஒன்றுவிட்டு ஒரு தடவை. பிறகு, போன தடவை நன்றாகப் பழுத்ததே, அதற்குள் என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். கல்யாண வீட்டில் நெய்யைச் சிக்கனம் செய்கிற சமையல்காரனைப்போல, சொட்டு மிச்சம் பிடித்ததில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அந்த வருடம் கார்த்திகை மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்டபிறகு புன்னைக்காயலிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் தோணித் தண்டல். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்த்தோணியை நடத்திப் போகிறவர். அந்த அம்மாவுக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்காது. கழுத்தின் முன்பக்கம் முழுவதும் வீங்கிக் கெட்டியாக இருந்தது. அறுவை மருத்துவர் அதிலிருந்து ஒரு துண்டு எடுக்கும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். சதையை உடனே எப்படிப் பதப்படுத்த வேண்டும் என்று காட்டுவதற்காகப் போனேன். அப்படித்தான், வழக்கத்துக்கு மாறாக, ஒரு நோயாளியின் முகம் எனக்குத் தெரிந்துபோயிற்று.

குரல் கம்மியிருந்தது. ஆனால் பேச்சு நிற்கவில்லை. கணவரைக் காட்டி என்னிடம் சொன்னார்:

"கட்டிக்கிட்டு வந்த புதுசுல இவுக என்னைய சங்குக் கழுத்துன்னு சொல்லுவாக ஐயா. சொல்லிச் சொல்லி இப்பம் உள்ளயே சங்கு வளந்துட்டு."

"வாய மூடிட்டுப் படு ஏளா," என்றார் தண்டல். "ஆப்ரேசன் பண்ற எடத்துலயும் வாயி."

"இந்த வாயி போயிட்டுன்னா வீடே சத்தமில்லாமப் போயிரும், பாத்துக்கிடுங்க."

கட்டு போட்டு அந்த அம்மாவை வெளியே அனுப்பியபிறகு தண்டல் மட்டும் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சென்னைக்குக் கொண்டு போவணுமா ஐயா? போனா பிழைப்பாளா? அத மட்டும் சொல்லிருங்க. பிழைப்பான்னா இன்னைக்கே தோணிப் பங்கக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போறேன். பிழைக்க மாட்டான்னா, ஊசியும் ரயிலுமா அவள அலைக்கழிக்காம, பிள்ளைகளோட வீட்டுலயே வச்சுக்கிடுதேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அறுவை மருத்துவர் என் பக்கம் கையைக் காட்டினார். "அத நான் சொல்லப்படாது. இவருகிட்ட ஒரு முயல் இருக்கு. அது சொல்லும்."

ஸ்லைடில் நான் எதிர்பார்த்த அதே நீல உருண்டைகள். தைராய்டுப் புற்றா, லிம்போமாவா? வழக்கமான சாயத்தில் என் மனம் தைராய்டுப் புற்றின் பக்கம் சாய்ந்தது. இறால் கம்பெனிக்குப் போய் டப்பாவை வாங்கி வந்தேன். இரண்டு வகைப் புரதத்துக்கும் ஒவ்வொரு ஸ்லைடு. குப்பியில் அடிமட்டத்தில்தான் மருந்து இருந்தது. கன்ட்ரோல் போடவில்லை.

இரண்டும் நீலமாகவே வந்தன. ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லை. லிம்போமா இல்லை, ஆகவே தைராய்டுப் புற்று. நான் முதலிலேயே நினைத்தது சரி.

இனி எழுதப்போவதை இத்தனை வருடங்களில் நான் யாரிடமும் சொன்னதில்லை. சதையின் ஓரத்தில், கட்டி இன்னும் எட்டாத இடத்தில், பிளாஸ்மா செல்கள் கொஞ்சம் இருந்தன. எல்லோர் உடம்பிலும் இருக்கிற நல்ல செல்கள்தான் அவை. அந்தப் புரதத்தைச் செய்வதே அவற்றின் தொழில். இந்தச் சோதனையில் வேறு எது பழுக்காவிட்டாலும் அவை பழுத்தே ஆக வேண்டும். நான் கன்ட்ரோல் போடாவிட்டாலும், அந்த அம்மாவின் உடம்பே ஒரு கன்ட்ரோலை ஓரத்தில் வைத்துக் கொடுத்திருந்தது. அவையும் நீலமாக இருந்தன. அவற்றை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகும். லென்ஸை மாற்றி, கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தேன். சதை பதப்படுத்தும் ஃபார்மலினில் அதிக நேரம் கிடந்திருக்கும், அதனால் சாயம் பிடிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியென்றால் நடுவிலிருக்கிற கட்டியும் அதே ஃபார்மலினில்தானே கிடந்தது என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. ஸ்லைடை நகர்த்தி, ஓரம் தெரியாதபடி நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

"என்னவே, முயல் என்ன சொல்லுது?"

"லிம்போமா இல்ல. தைராய்டுப் புற்றுதான்."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

மறுநாள் தண்டல் வந்தார். வழக்கமாக அறுவை மருத்துவர்தான் சொல்வார். அன்று என்னையே சொல்லச் சொன்னார். சென்னைக்குக் கொண்டு போவதில் பயன் இல்லை என்று சொன்னேன். அவர் அழவில்லை. "சரிங்கய்யா. தெரிஞ்சுபோச்சுல்லா, அதுவே போதும்," என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

சில வாரங்கள் கழித்து வேறொரு கட்டிக்காகச் சோதனை செய்ய வேண்டி வந்தது. அன்று ஒரு பையனின் டான்சிலும் வந்திருந்தது. சதை கையில் இருக்கிறதே என்று, எந்தச் சந்தேகமும் இல்லாமல், சும்மா அதையும் சேர்த்துப் போட்டேன். டான்சில் முழுக்க நீலம். திரும்பப் போட்டேன். திரும்பவும் நீலம். நேரே இறால் கம்பெனிக்குப் போனேன்.

மேனேஜர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க டாக்டர், முயலுக்கு என்ன, குட்டி போட்டிருக்கா?" என்று ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, இடையில கரண்ட் போச்சா?"

"அந்தக் கார்த்திகை மழையில எங்கதான் போவல? டிரான்ஸ்பார்மரே எரிஞ்சு போச்சு. ஜெனரேட்டரும் மக்கர் பண்ணிட்டு. ஒரு வாரத்துக்கு மேல கெடந்து சீரழிஞ்சோம். எறாலு பூராத்தையும் பக்கத்து கம்பெனிக்கு லாரில மாத்தினோம். ஒரு பெட்டி வீணாப்போவலியே!"

"என் டப்பா?"

அவர் மீசையைத் தடவினார். "அது அங்கனயேதான் இருந்துது. அவசரத்துல மறந்துட்டோம். ஆனா கரண்டு வந்ததும் பழையபடி கட்டி ஆயிட்டு. நானே பாத்தேன்."

"அண்ணாச்சி, இறாலு அப்படி உருகித் திரும்ப உறைஞ்சா என்ன செய்வீங்க?"

"தூரப் போட்டுருவோம். ஜப்பான்காரன் மோந்து பாத்தே கண்டுபிடிச்சிருவான். ஆனா இது மருந்துதானே டாக்டர். மருந்து கெட்டா போவும்?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் ஒரு டப்பாவைத்தான் மறந்தார். சிக்கனத்துக்காக இரண்டு முறை நீர் கலந்து வைத்திருந்த என் மருந்தில் செத்தது முயல் தெளிநீரா, கிழங்கு நொதியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அந்த அம்மாவின் ஸ்லைடு எதையும் சொல்லவில்லை. சொன்னது நான்.

அன்றைக்கே அறுவை மருத்துவரின் அறைக்குப் போயிருக்கலாம். நடந்துபோகிற தூரம். "நான் சொன்னது செல்லாது. லிம்போமாவாக இருக்கலாம். எதற்கும் சென்னைக்கு அனுப்புவோம்," என்று சொல்லியிருந்தால் போதும். அப்போது அந்த அம்மா பேசிக்கொண்டு, கஞ்சி குடித்துக்கொண்டு, வீட்டில் இருந்தார். நான் போகவில்லை. முதலில் உறுதி செய்துகொள்வோம், புது மருந்து வரட்டும், சரியான விடையோடு போவோம் என்று எனக்குள் ஒரு நியாயம் செய்துகொண்டேன். விஞ்ஞானியின் எச்சரிக்கை என்று அதற்குப் பெயரும் வைத்தேன். உண்மையில், புது மருந்தில் ஸ்லைடு மீண்டும் நீலமாகவே வந்துவிட வேண்டும், நான் தற்செயலாகவாவது சரியாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் குணமாக முடியாத நோயில் இருக்க வேண்டும் என்று ஒரு மருத்துவன் வேண்டியிருக்கிறான். இதை எழுதும்போது பேனா கனக்கிறது.

இங்கிலாந்து நண்பருக்குச் சொல்லியனுப்பினேன். அவர் அனுப்பிய குப்பிகளை ஏற்றிய கப்பல் எங்கெங்கோ நின்று வந்தது. இடையில் ஒருநாள் சங்கக் கூட்டத்தில் தேநீர் குடிக்கும்போது அறுவை மருத்துவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தப் புன்னைக்காயல் அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருக்காம்வே. சாமியாரு வந்து அவஸ்தை பூசிட்டுப் போயிட்டாராம். தண்டல் தோணிக்கே போவலையாம், பக்கத்துலயே இருக்கானாம்."

சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பதைத்தான் அந்தக் கரையில் அவஸ்தை பூசுதல் என்பார்கள். தேநீரைக் கீழே வைத்தேன். "ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்த்தார். அதற்குள் சங்கத் தலைவர் வந்து என் தோளில் கைபோட்டு, "நம்ம ஊரு பேரக் காப்பாத்துறது நீருதான். அடுத்த மாசம் திருநெல்வேலியில வந்து அந்த முயல் விஷயத்தப் பேசணும், மறுக்கப்படாது," என்றார்.

"வர்றேன்," என்றேன்.

அவர் போனபிறகு அறுவை மருத்துவர், "என்னமோ சொல்ல வந்தீரே," என்றார்.

"அப்புறம் சொல்லுதேன்."

குப்பிகள் வந்தன. பழைய மெழுகுக் கட்டியிலிருந்து புதிதாகச் சீவினேன். இந்தத் தடவை டான்சில் ஸ்லைடு போட்டேன். கடைசிச் சாயத்தை விட்டுக் காத்திருந்தபோதே வெறும் கண்ணுக்குத் தெரிந்தது. டான்சில் பழுத்துக்கொண்டு வந்தது. பக்கத்து ஸ்லைடும் பழுத்துக்கொண்டு வந்தது. மைக்ராஸ்கோப்புக்கே தேவை இருக்கவில்லை. ஆனாலும் பார்த்தேன். உருண்டை செல்கள் எல்லாம் ஒரே வகைக்குப் பழுத்திருந்தன, இன்னொரு வகைக்கு ஒன்றுகூட இல்லை. ஓரத்துப் பிளாஸ்மா செல்களும் அவற்றின் இடத்தில் பழுத்து நின்றன. அவ்வளவு சுத்தமான லிம்போமா ஸ்லைடை அதற்கு முன்னும் பின்னும் நான் போட்டதில்லை.

அறுவை மருத்துவரிடம் சொன்னேன். மருந்து கெட்டிருந்தது என்று மட்டும் சொன்னேன். எனக்கு எப்போது தெரியும் என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வழக்கமான கேலி எதுவும் வரவில்லை. "இப்பமே போயி கூட்டிட்டு வாரும். சென்னைக்கு நான் பேசுதேன்," என்று தன் காரின் சாவியை மேசைமேல் வைத்தார்.

ஆத்தூர் தாண்டி, வாழைத் தோட்டங்களும் உப்பளங்களும் தாண்டி, ஆறு கடலில் விழுகிற இடத்துக்குப் போனேன். வழி முழுக்க என்ன சொல்வது என்று சொற்களைக் கோத்துக்கொண்டே போனேன். கோயிலை ஒட்டிய தெருவில் வீட்டைக் கேட்டபோது ஒரு பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "துட்டி கேக்க வந்தீயளா? அதோ, பந்தல் பிரிக்காத வீடு," என்றாள்.

துக்கம் விசாரிக்க வந்தேனா என்று கேட்கிறாள் என்பது எனக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று.

வாசலில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தண்டல் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று இருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன். என்னைக் கண்டதும் அவர் எழுந்து ஓடிவந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"ஐயா! நீங்களா? இவ்வளவு தூரம் வந்தீயளா?"

நான் துக்கத்துக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நாற்காலி போட்டார். ஒரு கலர் சோடா பாட்டிலை உடைத்துக் கொடுக்கச் சொன்னார். உள்ளே பெண்பிள்ளைகள் இருந்த சத்தமே இல்லை. அந்த வாய் போய்விட்டால் வீடு சத்தமில்லாமல் போகும் என்று அந்த அம்மா சொன்னது என் காதில் கேட்டது.

எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய உருவம், அந்த அம்மாவின் அண்ணன், தரையைப் பார்த்தபடி சத்தமாகச் சொன்னார்: "துட்டி கேக்க டாக்டரு வந்து என்ன செய்ய? சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா என் தங்கச்சி இன்னைக்குக் கல்லு மாதிரி இருந்திருப்பா. தோணிப் பங்க விக்க மனசு வரல. வீட்டுலயே வச்சுக் கொன்னுட்டான்."

"மச்சான்..." என்றார் தண்டல்.

"என்னலே மச்சான்? ஊரே சொல்லுது."

தண்டல் என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் முதல்முறையாக நீரைப் பார்த்தேன். என் முன்னால் குந்தி உட்கார்ந்து, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, கடவுளே உங்கள இங்கன அனுப்பியிருக்காரு. இவுக காதுல விழுற மாதிரி ஒரே ஒரு வார்த்த சொல்லிருங்க. சென்னைக்குக் கொண்டு போயிருந்தா பிழைச்சிருப்பாளா? நீங்க சொல்லித்தான நான் கொண்டு போவல? சொல்லுங்க ஐயா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது தயாராக இருந்தது. வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்தது அதைத்தான். பிழைத்திருப்பார். கொண்டு போகாதது இவர் தப்பு இல்லை, என் தப்பு. நான் தவறாகச் சொன்னேன், தவறு என்று தெரிந்த பிறகும் பேசாமல் இருந்தேன். அந்தச் சொற்கள் அவரைத் தெருவின் முன்னால் விடுவித்திருக்கும். பிழைத்திருப்பாள் என்று தெரிவது, அவரளவில், அவர் மனைவியை இரண்டாம் முறை கொன்றதாகவும் இருக்கும்.

"எங்கே கொண்டு போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார்," என்று சொன்னேன். அண்ணனைப் பார்த்து, ஆஸ்பத்திரிக் குரலில், இன்னும் கொஞ்சம் விளக்கமாகவும் சொன்னேன். "நாங்கள் சோதனை செய்து பார்த்துவிட்டோம். இவர் செய்ததுதான் சரி."

அண்ணன் எழுந்து வந்து தண்டலின் தோளில் கைவைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். மற்றவர்களும் நெருங்கி வந்து உட்கார்ந்தார்கள். நான் கலரைக் குடித்து முடித்தேன்.

பல வருடங்கள் இதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் அன்று என்ன ஆகியிருப்பார் என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் வேறொன்றும் எனக்குத் தெரியும். பிழைத்திருக்க மாட்டார் என்று சொன்ன அந்தக் கணத்தில் என் உடம்பில் ஒரு பாரம் இறங்கியது. இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறவனுக்குப் பாரம் ஏறும், இறங்காது. நான் அவரையும் காப்பாற்றினேன். ஆனால் முதலில் காப்பாற்றியது என்னை.

அறுவை மருத்துவர் சாவியை வாங்கிக்கொண்டு, "முந்திக்கிட்டாளா?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு அவர் முயலைப் பற்றி என்னிடம் கேட்டதே இல்லை. திருநெல்வேலிக் கூட்டத்துக்குப் போனேன். பேசினேன். கன்ட்ரோல் போடாமல் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அது பாடப்புத்தகத்தில் இருப்பதுதானே.

அந்த ஸ்லைடு இன்னும் என்னிடம் இருக்கிறது. நீலச் சாயம் காலப்போக்கில் வெளிறிவிடும். அதுவும் வெளிறிவிட்டது. பழுப்பு மட்டும் போட்ட அன்று இருந்ததுபோலவே இருக்கிறது. அந்தச் சாயம் அப்படிப்பட்டது.

தண்டல் என்னை மறக்கவில்லை. துட்டிக்கு வீடு தேடி வந்த டாக்டர் என்று ஊரில் என்னைச் சொல்வாராம். வருடந்தோறும் மாதா கோயில் திருவிழாவுக்கு முந்தின நாள், ஓலைப் பெட்டியில் ஐஸ் போட்டு, ஒரு முழுச் சீலா மீன் வரும். அவர் தோணித் தொழிலை விட்ட பிறகும் வந்தது. அவர் இறந்த பிறகு சில வருடங்கள் அந்த அண்ணன் அனுப்பினார். இப்போது அவரும் இல்லை. வேண்டாம் என்று ஒரு வருடம்கூட நான் சொல்லியனுப்பவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். என் மனைவி அதைத் துண்டு போட்டுக் குழம்பு வைப்பாள். நல்ல மீன்தான், ருசியாகவே இருக்கும். சாப்பிட்டேன்.